மூடி இல்லாத அத்தர் புட்டி

ரயில்வே ரோடு,
பெரிய காஞ்சிபுரம்,
9-6-1967

திரு. கோதண்டபாணி அவர்களுக்கு,

கண் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எனக்கு நிறம் தெரியாமல் போய்விட்டது என்று பிள்ளையார்பாளையத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. ஊசியில் நானே நூல் கோக்கிறேன். ஜெபப் புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் வாசிக்கிறேன். ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்தவள், ஊதாவையும் நீலத்தையும் மாற்றிப் பார்க்க மாட்டேன். இந்தப் பேச்சு உங்கள் தறிக்கூடத்திலிருந்து கிளம்பியது என்றும் கேள்விப்பட்டேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள் காந்தாவுக்கு நிச்சயதார்த்தப் புடவை நெய்ய வேண்டும், அவள் என் அத்தர் புட்டியின் நிறத்தைத்தான் கேட்கிறாள், சாயம் ஒத்துப்பார்க்கப் புட்டி வேண்டும் என்று போன மாதம் வந்து கேட்டீர்கள். என் அலமாரியிலிருந்து எந்தக் கண்ணாடிச் சாமானையும் நான் வெளியே கொடுத்ததில்லை. அவற்றை நான் எப்படிச் சேர்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் கணவர் சென்னையில் ஏலக்கடைக் குமாஸ்தாவாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஜோடி உடைந்துபோன ஒற்றைக் கண்ணாடிகளை யாரும் ஏலம் கேட்பதில்லை. அவற்றை அவர் வாங்கிவருவார். அவர் காலமான பிறகு நானே மூர் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கினேன். அந்த அத்தர் புட்டி அவர் கடைசியாகக் கொண்டுவந்தது. கத்தரிப்பூவில் கொஞ்சம் பால் கலந்தது போன்ற ஊதா. மூடி உருண்டு விழுந்து உடையும் என்று அதை மட்டும் நிறுத்திக்கொண்டு புட்டியைக் கொடுத்தேன்.

மூன்றாம் தேதி சாயங்காலம் நீங்கள் ஒரு புட்டியைக் கொண்டுவந்தீர்கள். அதே உயரம், அதே பட்டைகள். நிறம் மட்டும் வேறு. மழைக்கு முன் வானம் இருக்குமே, அந்தப் புகை நீலம். கண் டாக்டர் வெளிச்சம் அதிகம் வேண்டும் என்றதால், முந்தின நாள்தான் அலமாரிக்கு மேல் டியூப் லைட் போட்டிருந்தேன். பகல் மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தவறு நேர வழியே இல்லை. அதனால்தான் இது என்னுடையது அல்ல என்று சொல்லி, அதை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

நீங்களே மாற்றினீர்கள் என்று நான் சாதிக்கவில்லை. சாயப்பட்டறையில் யாராவது மாற்றியிருக்கலாம். ஆனால் வாங்கிப்போனது நீங்கள். பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்.

நேரில் பேசினால் அவரவருக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழுகிறது. தபாலில் எழுதுங்கள்.

அன்னம்மாள் அப்பாதுரை

*

பிள்ளையார்பாளையம்,
13-6-1967

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு, கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நடந்து வருகிற தூரத்தில் இருந்துகொண்டு தபால் போட்டுக்கொள்கிறோம். பரவாயில்லை, உங்கள் விருப்பப்படியே எழுதுகிறேன்.

கண்ணைப் பற்றிய பேச்சு என்னிடமிருந்து கிளம்பியதுதான். கெட்ட எண்ணத்தில் அல்ல. தெருவில் இறங்கினால், “இன்னாபா, நர்ஸம்மா புட்டிய மாத்திட்டியாமே” என்று கேட்கிறார்கள். நான் மாற்றவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கண் தெளிய நாளாகும் என்று சொன்னால் உங்களுக்கும் குறை இல்லை, எனக்கும் இல்லை என்று நினைத்தேன். அது உங்களுக்குக் கோபம் மூட்டும் என்பதை யோசிக்கவில்லை.

நீங்கள் திருப்பிக் கொடுத்த புட்டி எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அது ஊதாதான். விளக்கு வைத்த பிறகும் பார்த்தேன், ஊதாதான். சாயப்பட்டறையில் நான் ஒரு நாள்கூட அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. சாயம் ஒத்துப்பார்ப்பது விடிந்த வெயிலில், பட்டறைக்கு வெளியே, தெருவில் நின்றுதான். விளக்கு வெளிச்சத்தில் யாரும் நிறம் பார்க்க மாட்டார்கள். புட்டியை ஒரு கையிலும் நனைந்த நூல் கழியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். வேலை முடிந்ததும் பட்டுக் கழிவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன், மூர் மார்க்கெட்டிலிருந்து உங்கள் சாமான்களைச் சுற்றிக்கொண்டு வருவோமே, அதே மாதிரி. பத்து வருடமாக ரயிலில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றிலாவது கீறல் விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆற்காட்டுத் தணிகாசலம் அவர்களின் மகனுக்குத்தான் காந்தாவைப் பேசியிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று உங்கள் வீட்டில் ஜெபத்துக்கு வந்திருந்த நான்கு பெண்களில் மணியம்மாளின் தம்பி அவருடைய நெல் மில்லில் வேலை செய்கிறான். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. “ஒரு விதவை அம்மா பொருளை மாத்திட்டாருன்னு காதுல விழுது. அது தெளியட்டும்பா, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்” என்றார். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. ஆடி தாண்டினால் அவர்கள் வேறு பெண் பார்ப்பார்கள்.

அந்தப் பெண்களுக்கு முன்னால் நீங்கள் புட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. “உங்க களத்துல கூலி அளக்குற மரக்கால் வேற, குத்தகை வாங்குற மரக்கால் வேறன்னு எங்க தாத்தா சொல்வாரு. அந்தக் கை இன்னும் மாறலை” என்றீர்கள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை.

ஒரு தடவை வந்து புட்டியைப் பாருங்கள். இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

*

ரயில்வே ரோடு,
15-6-1967

திரு. கோதண்டபாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்த முறை இன்லண்டு லெட்டரின் ஓரத்தில் பசை தடவும்போது எழுத்தின் மேல் தடவாதீர்கள். இரண்டு வரிகள் கிழிந்துபோய் ஊகித்து வாசித்தேன்.

நான் வரமாட்டேன். காரணத்தையும் சொல்கிறேன். வந்து பார்த்து, புட்டி ஊதாவாக இருந்தால், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அசல் புட்டியை எங்கிருந்தோ திரும்ப வாங்கி வைத்துவிட்டீர்கள் என்றுதான் நான் நினைப்பேன். ஒருவரைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு அவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. நீங்களும் கொண்டுவர வேண்டாம்.

காந்தாவின் கல்யாணம் தடைப்பட வேண்டும் என்று நான் ஒரு நிமிடமும் விரும்பவில்லை. மணியம்மாளைக் கூப்பிட்டு, இந்த வீட்டுப் பேச்சை ஆற்காடுவரை கொண்டுபோனதற்காகக் கண்டித்தேன். அவள், “நான் என் தம்பிகிட்டதாம்மா சொன்னேன், வேற யார்கிட்டயும் சொல்லலை” என்றாள். அவள் தம்பியும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

ஆனால் என் கண்ணில் கோளாறு என்று நான் ஆற்காட்டுக்கு எழுத முடியாது. நான் நீலத்தைப் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு கல்யாணத்துக்காகச் சொன்னால், நாளைக்கு நான் சொல்கிற எதற்கும் மதிப்பு இருக்காது. நீங்கள் எனக்குத் தந்த வழி அன்போடு தந்ததுதான் என்று நம்புகிறேன். அந்த வழியில் என்னால் நடக்க முடியாது.

அலமாரியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. சிவப்புக் கூஜாவைக் கொஞ்சம் நகர்த்தினால் நிரம்பிவிடும். நகர்த்தவில்லை.

அன்னம்மாள் அப்பாதுரை

*

பிள்ளையார்பாளையம்,
20-6-1967

நர்ஸம்மாவுக்கு,

முசரவாக்கத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. “அந்தம்மா வாயால சொன்னத அந்தம்மா வாயாலயே எடுக்கச் சொல்லு. நீ இன்னாத்துக்குக் கடுதாசி எழுதிக்கினு கெடக்குற” என்று என்னைத் திட்டினார்கள். வீட்டில் மனைவி பேசுவதில்லை. காந்தா ஒருத்திதான் சிரிக்கிறாள். தறியில் அவள் புடவை பாதி நெய்தாகிவிட்டது. நெசவை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டேன். “கல்யாணம் நின்னாலும் பொடவைய முடிச்சிடுப்பா. அத யாரு கட்டிக்கினா இன்னா, நெறம் வீணாப் போவக் கூடாது” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

நான் கோபமாக எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். இன்றும் கோபம்தான் வருகிறது. ஊதாவாக இருந்தால் திரும்ப வாங்கிவைத்தது என்பீர்கள், நீலமாக இருந்தால் மாற்றியது என்பீர்கள். பிறகு நான் எதைக் காட்டுவது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூடி உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு மூடியையும் அதனதன் புட்டியின் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள், வேறு புட்டியில் அது சரியாக உட்காராது என்று ரயிலில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அந்த மூடியை எடுத்து வையுங்கள். நீங்கள் சொல்கிற நாளில், யாரை வேண்டுமானாலும் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், புட்டியைக் கொண்டுவருகிறேன். மூடி உட்கார்ந்தால் புட்டி உங்களுடையது. உட்காராவிட்டால் நான் திருடன். அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

கோதண்டபாணி

*

ரயில்வே ரோடு,
23-6-1967

அன்புள்ள கோதண்டபாணி,

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. மூடியைப் பற்றி எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததில் எரிச்சல் வந்தது. உடனே அலமாரியைத் திறந்து, மூடியைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன்.

மூடி நீலமாக இருந்தது.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். என் வீட்டுக்குள் வந்து மூடியையும் மாற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. டின் மூடியில் நான் ஒட்டிய பிளாஸ்திரி பிரியாமல் இருந்தது. அப்படியும் அந்த நினைப்புதான் வந்தது. பிறகு எனக்கே வெட்கமாகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் சொல்வது சரிதான், கண்தான் போய்விட்டது என்று அப்போது நம்பினேன். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு நல்ல நிமிடங்கள் அல்ல.

தண்ணீர் குடிக்க எழுந்து, மூடியைக் கையில் வைத்தபடியே சமையலறைக்குப் போனேன். அங்கே இன்னும் பழைய குண்டு பல்புதான். டம்ளரை எடுப்பதற்காக மூடியைக் கீழே வைத்தேன். ஊதாவாக இருந்தது.

கூடத்துக்குக் கொண்டுவந்தேன், நீலம். சமையலறைக்குக் கொண்டுபோனேன், ஊதா. தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன். டியூப் லைட் மாட்டிய பழனியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவன் மூடியை வாங்கி இரண்டு இடத்திலும் பிடித்துப் பார்த்துவிட்டு, “லைட்டுல கோளாறு இல்லம்மா, போட்டுட்டு நான் செக் பண்ணேன்” என்றான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை என்று தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. இன்று காலை ஜன்னலில் வெயிலில் வைத்தேன், ஊதா. சிவப்புக் கூஜா, பால்வெள்ளைத் தட்டு, உள்ளே பூ வைத்த கண்ணாடி உருண்டை எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்தேன். ஒன்றும் மாறவில்லை. இந்தப் புட்டியின் கண்ணாடியில் மட்டும் எதையோ கலந்து ஊதியிருக்கிறார்கள். டியூப் லைட்டில் அது தன் நிறத்தைக் காட்டுவதில்லை. என் வீட்டில் இத்தனை வருடம் டியூப் லைட் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அன்று நீங்கள் கொண்டுவந்தது என் புட்டிதான். நான் பார்த்தது நீலம்தான். என் கண்ணில் பிழை இல்லை, என் தீர்ப்பில் பிழை. நாலு பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தினேன். மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நான்கு பெண்களையும் நாளை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். மூடியை இரண்டு வெளிச்சத்திலும் காட்டிவிட்டு, இதையே அவர்களிடமும் சொல்வேன். ஆற்காட்டுத் தணிகாசலம் அவர்களுக்கு இன்றே தனியாக எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மரக்காலைப் பற்றியும் எழுத வேண்டும். என் அம்மாவின் தகப்பனார் முசரவாக்கத்தில் உங்கள் களத்தில் போரடித்தவர். அவர் சொன்னதைப் பொய் என்று என்னால் திரும்பப் பெற முடியாது. ஆனால் அதை உங்கள் மேல், அந்த நேரத்தில், ஒரு அத்தர் புட்டிக்காக எடுத்து வீசியது தவறு. அதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்னம்மாள்

*

பிள்ளையார்பாளையம்,
29-6-1967

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் புட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு சைக்கிள் கடையில் டியூப் லைட் இருக்கிறது. அதன் கீழே பிடித்தேன். என் கையிலேயே நிறம் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி டீக்கடைப் பல்புக்குக் கொண்டுபோனேன், திரும்பி வந்தது. சைக்கிள் கடைக்காரர், “இன்னா அண்ணாத்தே, வித்தை காட்டிக்கினு கீற” என்றார். சிரித்தேன். இந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

நல்லவேளை, சாயத்தை வெயிலில் பார்த்தோம். புடவை அசல் நிறத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும்.

தணிகாசலம் அவர்கள் வந்திருந்தார். உங்கள் ரிஜிஸ்டர் கடிதத்தை ஜேபியில் வைத்திருந்தார். அவருக்குச் சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் அவருடைய அக்கா ஒருவர் இருக்கிறார், கடுமையானவர். “கண்ணாடி நெறம் மாறும்னு கதை எழுதிக் குடுத்தா நான் நம்பணுமா. அந்தம்மா வரட்டும், நாலு பேர் நடுவுல சொல்லட்டும்” என்கிறாராம். ஜூலை ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்தில் எங்கள் பெரிய வீட்டில் நிச்சயதார்த்தம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அன்று நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்வார்கள். உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். காந்தாவுக்காகக் கேட்கிறேன். வண்டி அனுப்புகிறேன்.

நான் எழுத முடியவில்லை என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். அந்த மரக்கால்கள் இரண்டும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. சின்ன வயதில் விளையாட எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் உள்ளே மட்டும் அடியில் ஒரு பலகை வைத்து அடித்திருக்கிறது. எதற்கு என்று கேட்டபோது அப்பா என்னை அடித்தார். உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்று நான் படியிறங்கியிருக்க மாட்டேன், நின்று பதில் சொல்லியிருப்பேன்.

வருவீர்கள் என்று நம்புகிறேன்.

கோதண்டபாணி

*

ரயில்வே ரோடு,
1-7-1967

அன்புள்ள கோதண்டபாணி,

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலைப் பூசை முடிந்த பிறகுதான் கிளம்ப முடியும். வண்டி எட்டரைக்கு வந்தால் போதும்.

அந்த நான்கு பெண்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மணியம்மாள் இதையும் ஆற்காட்டுக்கு உடனே சொல்லி அனுப்புவதாக வாக்குக் கொடுத்தாள். தணிகாசலம் அவர்களின் அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். முசரவாக்கத்தில் டியூப் லைட் இருக்காது. அதனால் அவருக்கு நிறம் மாறுவதைக் காட்ட முடியாது, என் வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். பிரசவ வார்டில் எத்தனையோ மாமியார்களைச் சமாளித்தவள் நான்.

மரக்காலைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் தாத்தா இறந்து நாற்பது வருடம் ஆகிறது. அவர் சொன்னது சரி என்று உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொள்கிறேன். யாருக்கும் காட்ட மாட்டேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெரிய வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறேன். காந்தா பிறந்த அன்று, மழையில், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும். மாட்டுக்கொட்டகைப் பக்கமாக என்னை உள்ளே அழைத்துப்போனார்கள். பின்கட்டு அறையில் பிரசவம் பார்த்தேன். நான் வெளியே வந்ததும் உங்கள் அம்மா அந்த நடையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தேன். காப்பி கொட்டாங்குச்சியில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று அவசரம், எதையும் கேட்க நேரம் இல்லை. இப்போது ஒரு வாரம் இருக்கிறது.

என் வீட்டில் நீங்கள் பத்து வருடமாக டீ குடிக்கிறீர்கள். ஒரு தடவையும் வேண்டாம் என்றதில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அது என் வீடு. இது உங்கள் அம்மாவின் வீடு.

காந்தாவின் காரியத்தை இதோடு நான் முடிச்சுப் போடவில்லை. நீங்கள் என்ன பதில் எழுதினாலும் ஒன்பதாம் தேதி வருவேன். களத்தில் நிற்கவைத்தால் களத்தில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்புவேன். அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். ஆனால் அங்கே வந்து நின்று தெரிந்துகொள்ளும் வயது எனக்கு இல்லை. தெரிந்துகொண்டுதான் வண்டியில் ஏற வேண்டும்.

எந்த வாசல் வழியாக என்னை அழைத்துப்போவீர்கள்? நான் எங்கே உட்காருவேன்? பந்தியில் எனக்கு இலை போடுவீர்களா, போட்டால் யாருக்குப் பக்கத்தில்?

உங்கள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

அன்னம்மாள்